பீடத்துக்குப் பின்னால் ஒரு வளைந்த சுவர்

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்ய அறுபது கிலோமீட்டர் போனேன். சிரிக்காதீர்கள். எங்கள் புக்கிட் பெலிம்பிங் தோட்டத்துப் பக்கமே சிற்றாலயம் இருக்கிறது, ஃபாதரும் இருக்கிறார். ஆனால் மாதம் இரண்டு முறை எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர் அவர். அவரிடம் போய் என் குட்டை நானே உடைத்துக்கொள்ள முடியுமா?

கொஞ்சம் பெரிய பாவம் என்றால் தெரியாத ஊர்க் கோவிலுக்குப் போவது எங்கள் தோட்டத்து ஆட்களின் பழக்கம். ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்தில் பட்டணத்துக் கோவில் வரிசையில் நம் ஊர்க்காரர்களே நாலு பேர் நிற்பார்கள். யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு ஹைவேயில் கார் ஓட்டப் பயம். கூட்டிப் போனது என் வீட்டுக்காரர். நான் செய்த பாவமோ அவருக்குத்தான்...

விஷயம் இதுதான். என் கொழுந்தன் சபாக்கில் இருக்கிறார். எங்கள் மகள் கல்யாணத்தில், பந்தியில் வைத்து என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நாலு வருஷம். இந்த மாதம் எனக்கு மூன்று முறை போன் செய்தார். கடைசி முறை குரலே சரியில்லை.

"அண்ணி, அண்ணன்கிட்ட ஒரு தடவ பேசணும். திங்கக்கிழமை நெஞ்சுல ஆப்ரேஷன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு பேச மாட்டேங்கிறாரு தம்பி." இவரிடம் நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தப் பட்டணத்துக் கோவில் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக மேலே போகும். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், அவற்றுக்கு மேல் கூரான வளைவுகள், அதற்கும் மேலே கறுத்த மரச்சட்டங்கள். பீடத்துக்குப் பின்னால் சுவர் அரைவட்டமாக வளைந்து போகிறது. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். "எங்கயாச்சும் பிசகி இருக்கா பாரு," என்று பூச்சைத் தடவிக்கொண்டே போனார்.

பாவசங்கீர்த்தனக் கூண்டைக் கரையான் அரித்து, ரிப்பேருக்குக் கழற்றியிருந்தார்கள். தபசுக்காலத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு ஃபாதர், வளைந்த சுவரின் இடது முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக முழந்தாளிட்டு, கிசுகிசுவென்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இன்னிக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்கம்மா," என்றார். அழுகை வந்தது. சரி என்று தலையாட்டினேன்.

எழுந்து வந்தால், கோவிலைச் சுற்றிக் காட்டும் ஒரு பெண், பார்க்க வந்த இளம் தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "ஃபாதர் போனதும் செஞ்சு காட்டறேன் லா. இந்த முனையில மெதுவா பேசினா, சுவரோடவே போயி அந்த முனையில தெளிவா கேட்கும்."

அந்த முனையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பூச்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கேட்டிருப்பாரா? எப்போது அங்கே போனார்? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை – எப்போதுதான் தெரிந்திருக்கிறது?

காரில் ஏறியதும் மெல்ல ஆழம் பார்த்தேன். "சுவரு எப்படிங்க?"

"நல்ல சுவரு," என்றார். அவ்வளவுதான்.

புஞ்சாக் ஆலாம் தாண்டும்வரை ரேடியோகூடப் போடவில்லை. நான் வாயெடுப்பேன், முன்னால் ஒரு லோரி வரும், மூடிக்கொள்வேன். முன்பின் தெரியாத ஃபாதரிடம் ஐந்து நிமிஷத்தில் சொன்னதை, முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஊர் பேர் தெரியாதவரிடம் மனசைத் திறக்க அத்தனை பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கிறோம். வீட்டில் இருப்பவரிடம் திறக்க எங்கே போவது?

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சிம்பாங் வந்தது. அவர் சிக்னல் போடவில்லை. கார் நேராகப் போனது.

"என்னங்க... வீடு..."

"சபாக்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு," என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "என் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அவன்கிட்ட என்ன சொல்லப்போறேன்னு இப்பவே யோசிச்சுக்க."