அக்கா உட்காரவில்லை

அக்காவுக்குக் காலில் சக்கரம் என்று கல்யாணமான புதிதிலேயே அத்தான் கேலி செய்வார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பத்தைந்து வருஷம் ஸ்டியரிங்கை ஓட்டத் தெரியாதவர்கள் கையில் கொடுத்துவிட்டு, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைத்தவர். "எல்லா வண்டியையும் நிறுத்திட்டேன், உங்க அக்காவை மட்டும் முடியல" என்பார்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தானுக்கு ஈரலில் புற்று வந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மிஞ்சிப் போனால் மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னபோது நான்தான் அழுதேன். அவள் அதற்குள் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பேச்சை வார்டில் ஆயிரம் தடவை கேட்டவள்.

ஒத்தாசைக்கு நான் போய்த் தங்கினேன். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். அக்கா உட்காரட்டும் என்று பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அதில் துவைத்த துணி உட்கார்ந்தது, மாத்திரை டப்பா உட்கார்ந்தது, ஒரு நாள் வாளிகூட உட்கார்ந்தது. அவள் மட்டும் உட்காரவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் பவுடர் போடுவாள். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவாள். காலையில் வாங்க மறந்ததை வாங்க மத்தியானம் இன்னொரு நடை. ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். ஆளைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து போயிருந்தது. படியேறும்போது "அம்மா" என்று முனகுவாள், ஆனாலும் ஏறுவாள். அத்தானுக்குக் கை கால் குச்சியாகி வயிறு மட்டும் உப்பியிருந்தது. அவள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் போகும்போதெல்லாம் போர்வைக்கடியில் அவர் வலது கால் பிரேக்கைத் தேடி அழுத்தும். கண்ணோ அவள் பின்னாலேயே போகும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் கேட்பது ஒரு நிமிஷம். அதைக் கொடுக்க இவளுக்கு என்ன கேடு?

பன்னிரண்டாம் நாள் காலை படுக்கை விரிப்பு மாற்றும்போது பழக்க தோஷத்தில் அக்கா சொல்லிவிட்டாள்: "பதினாலைத் தூக்கணும், அந்தப் பக்கம் பிடிடி."

எனக்குச் சுரீரென்றது. பதினாலு என்பது அவள் வார்டின் மூலைக் கட்டில். யாருமில்லாதவர்களை அங்கேதான் போடுவார்கள். முடியப்போகிற நேரத்தில், வேலை நேரம் முடிந்த பிறகும், அவள்தான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் வீட்டுக்குத் தாமதமாக வருவாள். அத்தான் சண்டை போட்ட நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் கூடவே வந்தது. "ஏம்மா, நானும் பதினாலு ஆயிட்டேனா?"

அக்கா விரிப்பைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யார் யாருக்கோ கையைப் பிடிச்சுட்டு உட்காந்தியே. கட்டின புருஷன் பக்கத்துல உட்கார உனக்கு நேரமில்லையா? கல்லாக்கா நீ?"

அக்கா குழாயை மூடினாள். "நான் உட்காந்த கட்டில்ல ஒருத்தரும் பொழைச்சதில்லடி" என்றாள். "இன்னிக்கு முடிஞ்சுடும்னு தெரிஞ்சாத்தான் போய் உட்காருவேன். இவர் பக்கத்துல உட்காந்தா... முடிஞ்சுதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா? நடந்துட்டே இருந்தா இன்னும் ஏதோ செய்ய மிச்சம் இருக்குற மாதிரி இருக்கு."

அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

சின்ன வீடு. முன்னறைக்கு எல்லாம் கேட்கும்.

"ஏம்மா" என்று அத்தான் குரல் வந்தது. "இங்க வா."

அக்கா போய் வாசற்படியில் நின்றாள். கை அப்போதும் எதையாவது துடைக்கத் தேடியது.

"எனக்கு யாருமில்லன்னு நெனச்சுக்க" என்றார். "அப்பவாவது உட்காருவியா?"

"என்ன பேச்சுங்க இது!" என்று கத்தினாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டே நாற்காலியில் இருந்த துணியையெல்லாம் தரையில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தாள். கண்ணை மூடாமல் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கடியில் அந்தக் கால் மட்டும் சும்மா கிடந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். அத்தான் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாத்தியா? இன்னும் இருக்கேன்."

அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

அதற்கப்புறம் அவர் ஒன்பது நாள் இருந்தார். மருந்துக் கடைக்கு நான் போனேன். விரிப்பை நானும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் மாற்றினோம். அக்கா அந்த நாற்காலியிலேயே சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள். யார் யாருக்கு வண்டி ஓட்ட வரவே வரவில்லை என்று அத்தான் சொல்லச் சொல்லச் சிரித்தாள். கடைசி இரண்டு நாள் அவருக்குப் பேச்சில்லை. அப்போதும் கையை விடவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனபின், ஜன்னல் பக்கம் பார்த்தபடி அக்கா என்னிடம் கேட்டாள்:

"முதல் நாளே உட்காந்திருந்தா இருபத்தோரு நாள் கிடைச்சிருக்குமேடி?"