ரவி வீட்டின் குள்ள ஸ்ப்ரூஸ்

நோர்பரியில் ரவியின் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஒரே லொறியில் ஒளிந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அவனுக்கு இப்போது வீடு, கடை, வாசலில் தோட்டம். நான் இன்னும் ஊர் ஊராகக் கட்டட வேலை தேடுகிறேன். பார்க்கப் பார்க்க வயிறெரிகிறது.

தோட்டத்தின் நடுவில் ஸ்ப்ரூஸ் என்ற இடுப்புயர ஊசியிலை மரம், கோபுரம் போல் கூராக நிற்கிறது.

“இது எப்ப வளரும்?”

“பெரிசா வளராது மச்சான், குள்ளச் சாதி. கனடா மலையில ரயிலுக்குக் காத்து நிண்ட ரெண்டு பேர் கண்டெடுத்த கன்றுகளில இருந்து வந்ததாம்.”

“கனடாவுக்குப் போக எங்களுக்கு ஏலேல்லை. இஞ்ச வர இதுக்கு எந்த ஏஜென்சிக்காரன்?”

சிரிக்கிறான். “இந்தக் கொப்பு மட்டும் நெட்டையா ஓடுது, பார். பழைய காட்டு மரத்தின்ர குணம் திரும்புது. விட்டா முழு மரத்தையும் விழுங்கிப்போடும். வெட்டிவிடு, தேத்தண்ணி கொண்டுவாறன்.”

கத்தரிக்கோலைத் தந்துவிட்டு உள்ளே போகிறான். நெட்டைக் கொப்பை வளைத்து மற்றக் கொப்புகளுக்குள் செருகி மறைக்கிறேன். பக்கத்துக் கொப்பின் நுனியை நறுக்கிக் கீழே போடுகிறேன்.

“வெட்டிட்டியோ?” கோப்பையை நீட்டுகிறான்.

“ஓம்.” ஒரு வாய் குடிக்கிறேன். “சீனி காணாது, மச்சான்.”