பச்சை பூசிய அடிபம்பு

காலையில் முதல் குவளைத் தண்ணீரைக் குடிக்கும் முன் மொர்ஜினா தன் மாமியார் ஆமிரனுக்காக துவா கேட்பாள். மாமியாருக்கா என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்களுக்கு அந்தப் பெயின்ட் டப்பாவின் கதை தெரியாது.

அவள் பிறந்த ஊரில் வீட்டுக்கு வீடு அடிபம்பு உண்டு. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குடிக்கத்தான் முடியாது. சோதிக்க வந்தவர்கள் ஆர்சனிக் விஷம் கலந்த பம்பின் வாய்க்குச் சிவப்பும், நல்ல பம்புக்குப் பச்சையும் அடித்துவிட்டுப் போனார்கள். அவள் தெருவில் எல்லாமே சிவப்பு. ஒரே ஒரு பச்சை, வாய்க்காலுக்கு அப்பால் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஒற்றை மூங்கில் பாலத்தில் குடத்தோடு நடந்து போய்வர வேண்டும். விஷத்துக்கு நிறமில்லை, ருசியில்லை. வருஷக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கையில் கரும்புள்ளியும் காய்ப்புமாக மெல்லத்தான் தலைகாட்டும். அதனால் சிவப்புப் பம்பு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். மொர்ஜினாவுக்கு இரண்டு சம்பந்தம் அப்படித்தான் தட்டிப் போயிற்று.

மூன்றாவதாக ஆமிரனின் மகன் சொலைமானுக்குப் பேச்சு வந்தது. அப்பா தொராப் அலி மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"முற்றத்துலயே பச்சைப் பம்பு, மகளே! ரெண்டு சொம்பு குடிச்சேன், தேனாட்டம் இருந்துச்சு. இனிமே நீ குடம் தூக்க வேணாம்."

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அவர் சந்தையிலிருந்து பச்சைப் பெயின்ட் வாங்கி வந்தார்.

"என்னப்பா இது?"

"நிக்காஹ் முடியட்டும், திரும்பச் சிவப்பை அடிச்சிடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

மறுநாள் முற்றத்துப் பாயில் ஆமிரனும் அவள் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மொர்ஜினா முக்காட்டை இழுத்துவிட்டுச் சேமியாப் பாயசத் தட்டோடு வந்தாள். அதே நேரம் பக்கத்து வீட்டு பியாரா, ஏழு மாத வயிற்றோடும் காலிக் குடத்தோடும் உள்ளே நுழைந்தாள்.

"அடி கள்ளி, உங்க பம்பு பச்சையாயிருச்சு, ஒரு வார்த்தை சொன்னியா? இனிமே அந்தப் பாலத்துல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்க வேணாம். தெரு பூரா சொல்லிட்டேன், எல்லாரும் வர்றாங்க!"

சொல்லிக்கொண்டே குடத்தை வைத்து அடிக்க ஆரம்பித்தாள். தொராப் அலி மகளைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். வாயைத் திறந்தால் கல்யாணம் நிற்கும். திறக்காவிட்டால் நிக்காஹ் வரைக்கும் தெருவே இதைக் குடிக்கும், பியாராவின் வயிற்றுப் பிள்ளை உட்பட. பியாரா கையில் தண்ணீரை ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனாள்.

மொர்ஜினா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"குடிக்காதே அக்கா! இது சிவப்புதான். எனக்காக அப்பா பெயின்ட் அடிச்சாரு."

தொராப் அலியின் தலை கவிழ்ந்தது. ஆமிரனின் தம்பி செருப்பைத் தேடினார்.

"ஏமாத்துக்காரக் குடும்பம்! எழுந்திரு அக்கா, போகலாம்."

ஆமிரன் அசையவில்லை.

"உக்காருடா பெரிய மனுசா. அங்க நம்ம பம்புக்குப் பச்சை அடிச்சது யாரு? நீதானே?"

தம்பி செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு மறுபடி பாயில் உட்கார்ந்தார். ஆமிரன் உள்ளங்கைகளை விரித்தாள். இரண்டிலும் கரும்புள்ளி, காய்ப்பு.

"சம்பந்தி ரெண்டு சொம்பு குடிச்சுட்டு தேனுன்னாரு. மகனுக்குப் பொண்ணு கிடைக்காதேன்னு நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். இந்தப் பொண்ணுக்கும் அதே பயம்தானே? இருந்தும் சொன்னாளே! இவதான் எங்க வீட்டுக்கு வேணும்."

தொராப் அலி மெல்லத் தலை தூக்கினார். "அப்போ அந்தத் தேனு...?"

முதலில் சிரித்தவள் பியாராதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

புகுந்த வீட்டில் முதல் காலையிலேயே மொர்ஜினா பம்புக்குச் சிவப்பு அடித்தாள். புதுப்பெண் செய்கிற வேலையா இது என்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு நடுவில், டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆமிரன். அதன்பின் வருஷக்கணக்கில் மாமியாரும் மருமகளும் வயல் தாண்டிப் போய்த்தான் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் பக்கம் ஆழ்குழாய் போட்டபோது ஊர்க்காரர்கள் முதல் குடத்தை ஆமிரனுக்குக் கொடுத்தார்கள். அவள் அதை மருமகள் இடுப்பில் வைத்தாள்.

ஆமிரன் கண்மூடி மௌத்தானபோது குளிப்பாட்டத் தண்ணீர் எது என்று பெண்கள் கேட்டார்கள். வீட்டுப் பம்பே போதும், குளிக்க அது கெடுதல் இல்லை என்றார்கள் சிலர். மொர்ஜினா ஒப்பவில்லை. ஆழ்குழாய்க்கு நடந்து போய்க் குடம் குடமாகக் கொண்டுவந்தாள். அந்த உள்ளங்கைகளை விரித்து, நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றிக் கழுவினாள்.