மலையிலிருந்து வந்தவர்கள்

துர்காதேவிக்குச் சொந்த ஊர் நகரி. அவள் அப்பா முனியப்பன் விசைத்தறி ஓட்டி அவளை நர்சுக்குப் படிக்கவைத்தார். திருப்பதியில் ஒரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நானும் அவளும் நர்சுகளாக வேலை பார்க்கிறோம். நான் வாயாடி, அவள் சாது. அடி விழுந்தது அவளுக்குத்தான்.

நோயாளியோடு ஒருவர் மட்டுமே உள்ளே வரலாம் என்று வாசலில் போர்டு உண்டு. காவலாளி ஹேமநாத் உள்ளூர்க்காரர்களை அதட்டுவார். மொட்டையும் சந்தனமுமாக மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு மட்டும் கும்பிட்டு வழிவிடுவார். அது தப்பென்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

தரிசனம் முடிந்து அலிபிரிப் படிகளில் இறங்கும்போது சாய்ந்துவிட்ட பெரியவர் ஒருவரை அன்று கொண்டுவந்தார்கள். கூடவே குடும்பமே உள்ளே நுழைந்தது. ஆண்கள் எல்லோரும் மொட்டை. எவ்வளவோ பார்த்தும் பெரியவர் பிழைக்கவில்லை. துர்கா போட்ட ஊசிதான் கொன்றது என்று ஒருவன் கத்தினான். மறுநொடி அவள் இடது காதோடு சேர்த்து ஓர் அறை. செவிப்பறை கிழிந்துவிட்டது.

போலீஸ் வந்து அடித்தவனைக் காட்டச் சொன்னது. கேமராவிலும் பின்தலைகள்தான் தெரிந்தன.

"எல்லாம் ஒரே மாதிரி கீறாங்க சார். தப்பா ஒருத்தர காட்டிட்டா பாவமில்ல?" என்றாள் துர்கா.

அடித்தவன் பிணத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தான். நிர்வாகம் இன்னொரு போர்டு மாட்டியது. ஏன் அத்தனை பேரை உள்ளே விட்டீர்கள் என்று ஹேமநாத்திடம் கேட்டேன்.

"சாமியப் பாத்துட்டு வரவங்கள எப்டி சிஸ்டர் நிறுத்தறது?" என்றார். திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

துர்கா வேலைக்குத் திரும்பினாள். திருப்பதியில் மொட்டைக்கா பஞ்சம்? பஸ்ஸில், கேன்டீனில், கட்டிலில், எங்கே பார்த்தாலும் அவள் கை காதுக்குப் போய்விடும். வேலையை விட்டுவிடு என்றேன்.

"வுட்டுட்டு எங்கக்கா போறது? எந்த ஆஸ்பத்திரில கதவ பூட்டிக்கினு வேல செய்றாங்க?"



போன வாரம் முனியப்பன் வந்தார். மகளுக்குக் காது கேட்கவேண்டும் என்று முடி காணிக்கை கொடுத்துவிட்டு, லட்டும் கையுமாக மலையிலிருந்து நேராக வந்திருந்தார். ஹேமநாத் கும்பிட்டு உள்ளே விட்டார். அவர் இடது பக்கமிருந்து கூப்பிட்டது துர்காவுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டார். திரும்பியவள் கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் குறுகி உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தாம்மா, நைனா."

அவள் கையை எடுக்கவில்லை. அவர் லட்டைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையை மூடிக் கட்டிக்கொண்டு, அவளுடைய வலது பக்கமாக வந்து மறுபடி கூப்பிட்டார்.