சரணுக்கு நான் எழுதிக் கொடுத்த தாள்

போன வாரம் எங்கள் அலுவலகப் பாண்ட்ரியில் யாரோ வேகவைத்த முட்டையை டப்பாவோடு இரண்டு நாள் மறந்துவிட்டார்கள். கச்சிபௌலியில் பதினோராவது மாடி. ஜன்னல் என்று பெயர், திறக்க முடியாது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். "மேடத்துக்கு மூக்கடைப்பு போல" என்றாள் ஒரு பெண். அடைப்பெல்லாம் இல்லை. என் முதல் வேலையின் வாசனை இதுதான், என்ன செய்வது!

மல்காஜ்கிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மனநல ஆலோசகர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று யாரோ சொல்ல, கெமிஸ்ட்ரி லேபை ஒட்டிய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் உப்புச் சோதனை செய்யும் நாட்களில் அழுகிய முட்டை வாடை சுவரைத் தாண்டி வரும். சனத்நகரில் லேத் பட்டறையில் இருந்த என் அப்பாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கடைசிவரை விளங்கவில்லை. "பசங்ககிட்ட பேசறதுக்கா சம்பளம்?" என்பார். எனக்கும் அப்போது முழுசாக விளங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒரு நடை தானாக வந்துவிடுகிறது.

அந்த அறைக்குத்தான் சரண் வருவான். ஒன்பதாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் பெயர் சரண்யா. மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸ். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். இரண்டு மாதம் வந்துபோன பிறகு ஒருநாள் தமிழிலேயே சொன்னான்.

"நான் பொண்ணு இல்ல மேடம். சின்னதுலேர்ந்தே இல்ல. எனக்குள்ள நான் சரண்தான். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றினேன். அன்றிலிருந்து எனக்கு அவன் பையன்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு என்ன செலவு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வயதுக்கு வந்த சடங்கை மண்டபம் பிடித்துச் செய்திருந்தார்கள். பட்டுப்புடவையும் ஜடையலங்காரமுமாக எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருந்தார்கள். "வர்றவங்க எல்லாம் அதுக்குக் கீழதான் உக்காருவாங்க மேடம்" என்றான். அவன் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படி நிறைந்திருக்குமோ அப்படியே சாயங்காலமும் இருக்கும். "குடிக்கலையாடா?" என்றால், "நக்கோ மேடம், வேணாம், தாகமில்ல." ஏப்ரல் வெயிலில் தாகமில்லையாம், நானும் நம்பினேன்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வினாத்தாள் கொடுப்போம். அழுகை வருகிறதா, தூக்கம் பிடிக்கிறதா, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா. எப்போதும், சில நேரம், இல்லை என்று மூன்று கட்டம். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். நாங்கள் அதைக் கூட்டி, அட்டவணையில் பார்த்து முடிவு எழுதுவோம். அட்டவணை இரண்டு. பெண் பிள்ளைகள் அழுகையை மறைக்காமல் எழுதிவிடுவார்களாம், அதனால் அவர்களுக்கு எச்சரிக்கைக் கோடு உயரத்தில். பையன்கள் மறைப்பார்களாம், அவர்களுக்குத் தாழ்வாக. ஒரே கூட்டுத்தொகை ஒன்றில் 'இயல்பு' என்று வரும், மற்றதில் 'உடனே கவனிக்கவும்' என்று வரும்.

தாளைக் கொடுக்க வந்த சரண் என் மேஜையில் இரண்டு அட்டவணையும் கிடப்பதைப் பார்த்தான்.

"என்னுத எதுல பாப்பீங்க மேடம்?"

"கைக்குடா, எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

அன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்புக் கட்டு முழுவதையும் முடித்தேன். பதிவேட்டு வரிசைப்படி பெண்கள் தனி, பையன்கள் தனி. பெண்கள் கட்டோடு சரணின் தாளும் போயிற்று. பழக்கம்தான். வேறு ஒரு நினைப்பும் வரவில்லை. கோட்டுக்கு மயிரிழை கீழே. எனக்கு ஒரே சந்தோஷம். 'இயல்பு. கவலைப்பட ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினேன். வராந்தாவில் பார்த்து, "நல்லாத்தான் இருக்கடா!" என்று தோளில் தட்டினேன். "ஹவ் மேடம்" என்றான், ஆமாம் என்று. அதன்பிறகு அவன் என் அறைக்கு வரவில்லை. தேறிவிட்டான் என்று நினைத்தேன். படித்த முட்டாளுக்குப் பட்டம் வேறு தனியாகக் கொடுக்க வேண்டுமா?

மழைக்காலத்தில் ஒரு பரீட்சையன்று மயங்கி விழுந்தான். சிறுநீர்த் தொற்று முற்றிச் சிறுநீரகம்வரை போயிருந்தது. பெண்கள் கழிவறைக்குள் போக மனமில்லாமல், காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கியே பழகியிருக்கிறான், இரண்டு வருஷமாக. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் சாத்துக்குடிப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போன மாசமே எங்ககிட்ட சொல்லிட்டா மேடம், நான் பையன்னு. செத்துடலாம் போல இருக்குதுன்னு அழுதா. அவங்கப்பா பீரோலேர்ந்து உங்க பேப்பர எடுத்தாந்து, 'ஸ்கூல்லயே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, யார்கிட்ட நடிக்கிற'ன்னு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்குத் திரும்பி அவன் தாளைத் தேடி எடுத்து மற்ற அட்டவணையில் பார்த்தேன். கோட்டைத் தாண்டி வெகுதூரம். 'உடனே கவனிக்கவும்' என்று திருத்தி எழுதி, அவன் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மௌலா அலிக்குப் போனேன். அப்பா கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கி ஒண்ணு எழுதுனீங்க, இன்னிக்கி ஒண்ணு எழுதுறீங்க. நீங்க மாத்தி எழுதுனா எம்பொண்ணு பையனாயிடுவாளா மேடம்?"

உண்மையில் இரண்டு அட்டவணையிலும் அவனைப் போன்ற பிள்ளைக்கு இடமில்லை. அப்போது உள்ளறைக் கதவருகே சரண் வந்து நின்றான். மெலிந்திருந்தான். கோபம்கூட இல்லை குரலில்.

"டிக் போட்டது நான்தானே மேடம். கூட்டாம, சும்மா படிச்சிருக்கலாம்ல?"

படிக்கவில்லை. 'இருந்து என்ன பயன்' என்ற வரிக்கு நேரே அவன் 'எப்போதும்' என்ற கட்டத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி டிக் போட்டிருந்தான். நான் அதை ஓர் எண்ணாக எடுத்துக் கூட்டியிருந்தேன்.

தசரா விடுமுறையில் டி.சி. வாங்கி, அரக்கோணத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் போன் நம்பரும் மாறிவிட்டது. பள்ளி இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். குவார்ட்டர்ஸில் அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். பழைய வினாத்தாள்கள் எல்லாம் மூட்டை மூட்டையாகப் பேப்பர்காரனுக்குப் போயின என்று அட்டெண்டர் சொன்னார். சரணின் தாளும் அதில்தான் போயிருக்கும். இப்போது அவனுக்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும். எந்த ஊரில், எந்தப் பெயரில் இருக்கிறான், இருக்கிறானா என்பதே எனக்குத் தெரியாது. திருத்தி எழுதியதை அன்று அவன் அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் எழுதியதை மட்டும் பத்திரமாக வைத்திருப்பார்.