ரோலர் அறையைப் பெண்களுக்குத் திறந்துவிட்டவர்

திம்புள்ளப் பக்கத்து எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் வாடிய கொழுந்தை உருட்டிச் சுருட்டும் ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஞானமுத்து ஐயா அட்டனில் இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தது. ரோலர் அறைப் பெண்கள் அழுதார்கள். இயந்திரத்தை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மனுஷன் எழுந்து வந்து திட்டியிருப்பார்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தத் திருவிழா நினைவிருக்கும். ரோலர் ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் தேர் இழுக்கப் போய்விட, வாடவைத்த கொழுந்து அப்படியே கெட்டுப்போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தொழிற்சாலையை மூடிவிட்டுக் கொழுந்தை நோர்வூட் தொழிற்சாலைக்கு அனுப்பப்போவதாகத் தோட்டத்தை அப்போது நிர்வகித்த துரை சொல்லிவிட்டார். அப்போது நான் தேயிலை தரம் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பு. ஐயா நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒங்க பொம்பளைங்களையும் மலையில கொழுந்தெடுக்கிற கொஞ்சப் பேரையும் குடுங்க. நான் ரோலர் பழக்குறேன்."

வேலை நேரத்தில் வகுப்பா என்று துரை குதித்தார். பயிற்சி முடியும்வரை உற்பத்தி குறையும் என்பதை ஐயா மறைக்கவில்லை. "கொறையும் சேர். ஆளப் பழக்காட்டி ஒரேயடியா நின்னுரும்," என்றார்.

குறையத்தான் செய்தது. நிறுவைக்கு முன் சாக்கில் கொழுந்தை அமுக்கி அடைத்துப் பழகிய பெண்கள், ரோலரிலும் அப்படியே அமுக்கி அடைத்தார்கள். கொழுந்து சூடேறி அத்தனையும் பாழானது. துரை பார்த்துக்கொண்டே நின்றார். ஐயா கத்தவில்லை, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்தக் கொழுந்துக்குள் கையை விடச் சொன்னார்.

"சுடுதா? அமுக்கினா அதுக்கு மூச்சு முட்டும். நாளைக்கு நீங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பெண்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்த் தங்கள் அக்கா தங்கைகளிடமும் சொன்னார்கள். மலையிலும் சாக்கை அமுக்குவது குறைந்தது. கசங்காத கொழுந்து வர, கழிவு குறைந்து நல்ல தேயிலை கூடியது. அடுத்த திருவிழாவில் பெண்கள் மாறி மாறிப் போய்த் தேரைக் கும்பிட்டுவிட்டு வந்து ரோலரை ஓட்டினார்கள். தொழிற்சாலையை மூடும் பேச்சைத் துரை அதன்பின் எடுக்கவில்லை. புதிய பெண்களைப் பழக்கும் அந்த வகுப்பும் நிற்கவில்லை; இப்போது அதற்கு நான் பொறுப்பு.

ஐயாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளே, இப்போதைய துரை என்னைக் கூப்பிட்டார். "அவரும் போயிட்டாரு. கொழுந்து கூடின நேரம் வேற. இந்தப் பயிற்சிய நிப்பாட்டுவமா?"

"ஏலாது சேர்," என்றேன்.

உற்பத்தி குறையும் நாட்களில் பின்வாங்காமல் நிற்கும் பிடிவாதம், அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். திங்கட்கிழமை புதிய பெண்கள் வருகிறார்கள். முதல் ரோலரில் போடும் கொழுந்தைக் கெடுக்கத்தான் போகிறார்கள். கெடுக்கட்டும். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.