பின்சுவர் மட்டும் நின்றது

வயிறு சரியில்லை என்று நேற்று நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியது. வயிறு மறந்து சங்கரன் ஞாபகம் வந்துவிட்டது. கடுக்காய்க்கு இப்படியும் ஒரு குணம் உண்டென்று எந்த வைத்தியரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்கு முப்பது வயதில், கல்யாணமாகாத காலத்தில், குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவைப் பழுதுபார்க்கும் வேலைக்கு நானும் அவனும்தான் மேற்பார்வை. அருவிக்கு அத்தனை பக்கம். சீசனில் படுக்கை விரிப்பைப் பிழியலாம். எங்களுக்கு மேலகரத்தில் ஒரே அறை, ஒரே சோற்றுப்பானை. என் சட்டையை அவன் மாட்டிக்கொண்டு போவான். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு கிறுக்கு எனக்கு.

பங்களா முழுக்கச் சுண்ணாம்புச் சுவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைத்தான் அதன்மேல் பூச வேண்டும். சாரலில் குடித்த ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சிமெண்டு பூசினாலோ ஈரம் உள்ளேயே கிடந்து சுவரைத் தின்றுவிடும். ஆனால் சுண்ணாம்பு காய நாளாகும், சீசனோ நெருங்கிவிட்டது. பின்சுவர் ஒன்றைத்தான் முடித்திருந்தோம். அந்த நேரம் பார்த்து இலத்தூரில் என் தங்கை கல்யாணம்.

"ஏலே, நிம்மதியாப் போயிட்டு வா. ஒரு சிமெண்டு மூடை உள்ள வராது. நான் பாத்துக்கிடுதேன்" என்றான் சங்கரன்.

திரும்பி வந்தால் மற்றச் சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று நின்றன. "மொதலாளி சீசனுக்கு வருதாருல்லா?" என்று சிரித்தான். முதலாளிக்கும் அந்த வழவழப்பு பிடித்துப்போயிற்று. அறைக்குள் சண்டை போட்டேனே தவிர, வெளியே காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

அடுத்த சீசனில் பூச்சு உப்பி, செங்கல்லோடு பெயர்ந்து விழுந்தது. "சிமெண்டு போடச் சொன்னது யாருலே?" என்று முதலாளி எங்களை முற்றத்தில் நிறுத்திக் கத்தினார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மொதலாளி. இவந்தான் கேக்கல" என்றான் சங்கரன். அப்போதும் என் சட்டையைத்தான் போட்டிருந்தான், படுபாவி. நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே என் வேலை போயிற்று. பங்களாவைக் கெடுத்தவன் என்ற பெயர் தென்காசி முழுக்கப் பரவியது. யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, மதுரைக்கு ரயிலேறினேன்.

பங்களா கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது, பின்சுவர் மட்டும் அசையவில்லை. "நான் பூசினது, எப்படி நிக்குன்னு பாருங்க" என்று அதைக் காட்டியே சங்கரன் வேலை பிடித்தானாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

போன வருஷம் சங்கரன் செத்துப்போனான். மனசு கேட்காமல் துக்கத்துக்குப் போனேன். அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வேலையக் காப்பாத்த அப்பா எவ்வளவோ மன்றாடுனாகளாம், மாமா" என்று அழுதான்.

வருகிற வழியில் குற்றாலம் போய்ப் பார்த்தேன். பங்களா இருந்த இடத்தில் லாட்ஜ். கார் நிறுத்துவதற்காகப் பின்சுவரையும் இடித்துவிட்டார்கள். "அப்படி இல்லை, தம்பி" என்று நான் சொன்னால் இனி நம்ப யார் இருக்கிறார்கள்?